சிரிச்சு முடிக்க விடுங்க

தமிழ் டிவியில் இதுவரை வந்த காமெடி நிகழ்ச்சிகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் அழிந்துபோகும் என்று யாராவது சொன்னால், நான் யோசிக்காமல் எடுத்து வைத்துக்கொள்வது விஜய் டிவி 'அது இது எது'வில் வந்த 'சிரிச்சா போச்சு' சுற்றைத்தான். லொள்ளு சபா ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக: ஒரு பிரபலம் நடுவில் இருப்பார். அவரைச் சுற்றி ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி மாதிரி ஆட்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து கூத்தடிப்பார்கள். அவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் போச்சு. அவ்வளவுதான் விதி.

அந்த முகத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கெத்தாக நிற்பார். அப்புறம் உதட்டைக் கடிப்பார். மேலே லைட்டைப் பார்ப்பார். மூக்கு விடைக்கும். அந்த நொடியில் வடிவேல் பாலாஜிக்குத் தெரிந்துவிடும், ஆள் எந்த இடத்தில் விழுவார் என்று. பேசிவைத்திருந்த வசனத்தை விட்டுவிடுவார். இப்போது எந்த அசைவுக்கு உதடு துடித்ததோ அதையே இன்னொரு தரம் செய்வார். கொஞ்சம் நிறுத்துவார். எதிரே இருப்பவர் மூச்சை இழுத்துச் சமாளித்துவிட்டோம் என்று நினைக்கிற நேரம் பார்த்து மூன்றாவது தரம். ஆள் காலி. அந்தச் சிரிப்பில் பொய்யே கிடையாது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தும் வருகிற சிரிப்பு அது.

இன்று அந்த இரண்டு பேரும் இல்லை. பாலாஜி 2020 செப்டம்பரில் போனார், சங்கர் 2025 செப்டம்பரில். சங்கருக்கு 'ரோபோ' என்ற பெயர் டிவி கொடுத்ததில்லை. உடம்பெல்லாம் பளபளவென்று பெயிண்ட் பூசிக்கொண்டு மேடைகளில் இயந்திர மனிதன் மாதிரி ஆடிச் சம்பாதித்த பெயர். எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட தொழில். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது அந்த ஒரு விஷயத்தைத்தான். காமெடியோ பாட்டோ, எதிரே இருக்கிறவனுக்காக ஒரு நொடி காத்திருக்கத் தெரிந்தவன்தான் கலைஞன். இப்போதைய டிவி அந்த நொடியை வெட்டி எறிகிறது.

எந்தக் காமெடி நிகழ்ச்சியை வேண்டுமானாலும் போடுங்கள். ஒருவர் ஜோக் சொல்கிறார். வாயை மூடுவதற்குள் நடுவர் மேஜையைத் தட்டிச் சிரிக்கிற காட்சி. உடனே பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரிக்கிற காட்சி. பின்னாலேயே 'டொய்ங்' என்று ஒரு சத்தம், பழைய படத்திலிருந்து வடிவேலு முகம், அப்புறம் மறுபடியும் நடுவர். இவ்வளவும் முடிந்து ஜோக் சொன்னவரிடம் கேமரா திரும்பும்போது அவர் அடுத்த ஜோக்கில் பாதி தூரம் போயிருக்கிறார். நாம் எப்போது சிரிப்பது?

எங்கள் தெருவில் ஒரு அக்கா, ஒரு சேனலின் ஷூட்டிங்குக்கு ஆடியன்ஸாகப் போய்வந்தவர், சொன்னதைக் கேட்டபோது எனக்கு நிறைய விளங்கியது. வேன் வைத்து அழைத்துப் போனார்களாம். சாப்பாடும் கொடுத்தார்களாம். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சிரிக்கச் சொல்லி எடுத்துட்டாங்க தம்பி. கை தட்டுங்கன்னா தட்டணும், சிரிங்கன்னா சிரிக்கணும், ஆச்சரியமாப் பாருங்கன்னா பாக்கணும். அப்புறம் நிஜமாவே ஒரு பையன் நல்லாப் பண்ணான். எங்க வரிசையே விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்தச் சிரிப்பு டிவில வரவே இல்ல." அந்தப் பையன் செய்ததும் டிவியில் வந்தது. ஆனால் அதற்கு மேலே ஒட்டியிருந்தது காலையிலேயே எடுத்துவைத்த வேறு சிரிப்பு.

இதில் வெறும் ரசனைக்கேடு மட்டும் இருந்தால்கூட விட்டுவிடுவேன். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குண்டாக இருக்கிற பெண், கறுப்பாக இருக்கிறவர், பெண் வேடம் போட்ட ஆண், பொண்டாட்டியிடம் அடி வாங்குகிற புருஷன் என்று வருஷக்கணக்காக அரைத்த மாவையே அரைக்கிறார்கள். இந்த ஜோக்குகள் ஏன் சாகமாட்டேன் என்கின்றன? ஏனென்றால் இவற்றுக்கு யாரும் சிரிக்கவில்லை என்பது சொல்கிறவருக்கே தெரிவதில்லை. ஊர் மேடையில் இதே ஜோக்கைச் சொல்லிப் பார்க்கட்டும். முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் பேச ஆரம்பிப்பார்கள். அதைவிடப் பெரிய விமர்சனம் ஒரு கலைஞனுக்குக் கிடையாது. அடுத்த ஊரில் அந்த ஜோக் இருக்காது. எடிட்டிங் மேஜையில் அந்த மௌனத்தின் மேல் சிரிப்பை ஒட்டிவிட்டால் அது சாகாவரம் பெற்றுவிடுகிறது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதே ஜோக்கை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

இப்போது லொள்ளு சபா. ராம்பாலா இயக்கியது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர் என்று ஒரு படையே இருந்தது. எதிரே ஆடியன்ஸ் கிடையாது, உண்மைதான். ஆனாலும் அது நின்றது. சுவாமிநாதன் ஒரு வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவாரே, அதை நினைத்துப் பாருங்கள். மனோகர் உள்ளே வருகிற நடைக்கே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்! அந்த நேரத்தை ராம்பாலா வெட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நாம் சிரித்து முடிக்கிற வரைக்கும் அவர்கள் பொறுத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆடியன்ஸுக்கும் மரியாதை கொடுக்க முடியும் என்பதற்கு லொள்ளு சபாதான் சாட்சி. அப்படியிருந்தும் நான் ஏன் அதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்? அங்கே நடிப்பவர்கள் நம்மை நம்பிச் செய்தார்கள், 'சிரிச்சா போச்சு'வில் பார்த்துச் செய்தார்கள். எனக்குப் பார்த்துச் செய்வதுதான் பெரிசு.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் கை காட்டுவது ஆடி மாதத் திருவிழாவை.

எங்கள் வெள்ளானூர் ஆவடியிலிருந்து செங்குன்றம் போகிற பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பக்கம் லாரிகள், புதுசு புதுசாக மனைப்பிரிவுகள். ஆனால் ஆடி பிறந்துவிட்டால் பழைய ஊர் வெளியே வந்துவிடும். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். மைக் செட்டில் காலையிலிருந்தே எல்.ஆர்.ஈஸ்வரி. தெருமுனையில் சீரியல் லைட்டில் அம்மன். ராத்திரி கச்சேரி.

லைட் மியூசிக் கச்சேரிக்கு என்று எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து முருகன், அம்மன். அப்புறம் கண்டிப்பாக ஒரு நாகூர் ஹனிபா பாட்டு, ஒரு மாதா பாட்டு. இதை யாரும் கேட்டுச் செய்வதில்லை, விட்டால்தான் கேட்பார்கள். அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி. அதற்குப் பிறகு இளையராஜா டூயட்டுகள், அங்கேதான் கச்சேரி நிமிரும். கடைசியில் குத்துப் பாட்டு, பையன்கள் மேடைக்கு முன்னால். நடுவில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி அனுப்புவார்கள். சீட்டோடு அன்பளிப்பு வந்தால் பெயரை மைக்கில் சொல்வார்கள்.

பாடகர்கள் தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் ஒருவர் மைக்கைப் பிடிப்பார். மிமிக்ரி. எம்.ஆர்.ராதா, நம்பியார், ரஜினி, விஜயகாந்த், கவுண்டமணி. டிவி காமெடியின் பள்ளிக்கூடமே அந்த இடைவெளிதான். விஜய் டிவியில் 2005-இல் 'கலக்கப்போவது யாரு' வந்தபோது, இந்த மாதிரி மேடைகளில் தேறியவர்களுக்கு முதன்முதலாக ஒரு பெரிய வாசல் திறந்தது. கோவை குணா அதில் ஜெயித்தார். பின்னால் வந்த ஒரு சீசனில் சிவகார்த்திகேயன் ஜெயித்தார், அவர் கதை உங்களுக்கே தெரியும். பிறகு சன் டிவியில் 'அசத்தப்போவது யாரு'. அங்கே நடுவராக இருந்த மதன் பாப், சினிமாவில் சிரிப்பு நடிகராக ஆவதற்கு முன்பே இசைக்கலைஞர். 2025 ஆகஸ்டில் அவரும் போய்விட்டார். பாட்டும் சிரிப்பும் ஒரே மேடையில் வளர்ந்தவை என்று நான் சொன்னால், அதற்கு அவரே போதும்.

மேடையில் தேறி வந்ததில் பெரியவர்களும் விலக்கில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் சினிமாவில் பெரிய பாடகர் ஆகும் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் வாசித்தவர்கள் இளையராஜா, அவர் அண்ணன் பாஸ்கர், தம்பி கங்கை அமரன். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். அதற்கு முன்னால் அந்த விரல்கள் எத்தனையோ ஊர்க் கூட்டங்களுக்கு முன்னால் வாசித்த விரல்கள். இன்றைக்கும் ராஜா சார் கச்சேரிகளில் ஒரு பழக்கம் உண்டு. வாசிப்பில் ஏதாவது பிசகினால் நிறுத்திவிடுவார். மறுபடி எடு என்பார். சிலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கு உயிர். காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சரியான ஒன்றைத்தான் கொடுப்பேன் என்கிற பிடிவாதம் அது. அந்த இடத்தில் கூட்டம் போடுகிற கைதட்டலைக் கேட்டிருக்கிறீர்களா? டிவியில் அதைப் போடுவதாக இருந்தால் முதலில் வெட்டுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது எங்கள் கச்சேரிக்கு வந்திருக்கிற நோயைச் சொல்ல வேண்டும். டிராக், அதாவது முன்கூட்டியே பதிவு செய்துவைத்த இசை. முன்பு மேடையில் கீபோர்டு, பேஸ் கிட்டார், தபேலா, டிரம்ஸ், காங்கோ என்று ஆட்கள் இருப்பார்கள். புல்லாங்குழலுக்கு ஒருவர் தனியாக வந்தால் அந்தக் குழுவுக்கே மரியாதை. இன்று பல இடங்களில் ஒரு லேப்டாப், இரண்டு பாடகர்கள், ஒப்புக்கு ஒரு ரிதம் பேட். செலவு குறைகிறது, நியாயம்தான். விழாக்குழு வீடு வீடாகப் போய் வசூல் செய்து நடத்துகிற விழா. ஆனால் டிராக் யாருக்காகவும் நிற்காது. பல்லவி முடிந்ததும் ஒரு தாத்தா எழுந்து நின்று கைதட்டுகிறார், இன்னொரு தரம் கேட்கிறார் என்று வையுங்கள். வாசிக்கிற ஆட்கள் இருந்தால் பாடகர் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். தபேலாக்காரர் ஒரு சுற்று கூட்டுவார், பல்லவி மறுபடி வரும், தாத்தாவின் முகம் மலரும். டிராக் ஓடிக்கொண்டிருந்தால் பாடகர் தாத்தாவை விட்டுவிட்டுச் சரணத்துக்கு ஓட வேண்டும். எனக்கு அந்தப் பாடகரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடிக்கொண்டிருப்பார்.

கானாவில் இந்தக் கஷ்டம் இல்லை. ஒரு டோலக், ஒரு குரல், சுற்றிலும் நாலு பேர் இருந்தாலே கச்சேரி ஆரம்பித்துவிடும். எதிரே நிற்கிறவன் பெயரையே அடுத்த அடியில் வைத்துக் கட்டிவிடுவார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை முதன்முதலாக மேடையேற்றினார்கள். சாவு வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று பலர் நினைத்திருந்த பாட்டு, நல்ல ஒலி அமைப்போடு, கோட்டு போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் பாட்டுக்குப் பதில் பாட்டாக விசில் வந்தது. நல்ல கச்சேரி என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான் அளவுகோல்.

நாடகத்திலும் இதே கதைதான். கிரேசி மோகன் வசனத்தில் ஜோக்குக்கும் ஜோக்குக்கும் நடுவில் ஊசி நுழையாது. ஒன்றுக்குச் சிரித்தால் அடுத்தது காதில் விழாது. அதனால் மாது பாலாஜி மாதிரி நடிகர்கள் மேடையில் ஒரு காரியம் செய்வார்கள். சிரிப்பு ஏறுகிறபோது எதையாவது துடைப்பார்கள், சட்டைப் பொத்தானைச் சரிசெய்வார்கள், ஒரு அடி நகர்வார்கள். சிரிப்பு இறங்கத் தொடங்குகிற இடம் பார்த்து, முழுக்க அடங்குவதற்கு முன், அடுத்த வரி. சீக்கிரம் சொன்னால் வீண், தாமதமானால் சூடு ஆறிவிடும். மோகன் 2019 ஜூன் 10 அன்று மறைந்தார். அவர் எழுதியதைப் படித்துச் சிரிக்கலாம், ஆனால் அந்த இடைவெளி அச்சில் கிடையாது. சபாவில்தான் உண்டு.

அதே 2019-இல்தான் அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' பிரைம் வீடியோவில் வந்தது. சினிமாப் பாட்டு வரலாற்றைப் பாடிக்காட்டிச் சிரிக்கவைக்கிற ஒற்றை ஆள். ஒரு பாடகர் எப்படி மூச்சு விடுவார் என்பதில் ஜோக், அடுத்த நிமிஷம் அதே குரலில் நிஜமான உருக்கம். கேமராவுக்காக எடுத்ததுதான், ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்த ஜனங்களின் சிரிப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர்கள் கூடவே பாடுவதும் கேட்கிறது. நம் கச்சேரி மேடையின் மிமிக்ரிக்காரரும் பாடகரும் ஒரே உடம்பில் வந்து நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும். டிவிக்காரர்கள் பாடம் படிக்க வேண்டுமானால் அதைப் போட்டுப் பார்க்கட்டும்.

டிவியிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'குக் வித் கோமாளி', முதல் இரண்டு சீசன். புகழும் பாலாவும் 'கலக்கப்போவது யாரு'விலிருந்து வந்தவர்கள், சிவாங்கி 'சூப்பர் சிங்கர்' பெண். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், இவர்களுக்கு வெங்காயம் நறுக்கத் தெரியாது. யாரும் எழுதிக்கொடுக்காமல் சிரிப்பு வந்தது. வெங்கடேஷ் பட் சிரித்தால் நிஜமாகவே மூச்சு வாங்கும். நிகழ்ச்சி ஜெயித்துவிட்டது என்று தெரிந்தவுடன் ஜோக்கைத் தயார் செய்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். வேஷம் பெரிதானது, சத்தம் பெரிதானது. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பெரிய இசை நிகழ்ச்சிகளைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் மேற்குப் பக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எவ்வளவு ஜனம் இருக்கிறது! ஆனால் கச்சேரி என்றால் தீவுத்திடல், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ., இல்லாவிட்டால் ஈ.சி.ஆர். ஆவடி லோக்கலைப் பிடிக்க வேண்டும் என்பதால், எல்லோரும் காத்திருந்த பாட்டு வருகிற நேரத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எழுந்து வெளியே நடப்பார்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், பெண்கள் நெரிசலில் பட்ட பாட்டை நாடே பேசியது. ரஹ்மான் முன்வந்து டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார், அது பெரிய மனசு. இருந்தாலும் ரசிகனை எப்படி உட்காரவைப்பது, எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று யோசிப்பதும் கச்சேரியின் ஒரு பகுதிதான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

வெளிவட்டச் சாலையில் ஏறினால் நசரத்பேட்டை, அங்கிருந்து செம்பரம்பாக்கம். பிக் பாஸ் வீடு இருக்கிற ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி எங்களுக்கு அவ்வளவு பக்கம். அங்கே சனி ஞாயிறு மேடைக்கு எதிரே உட்கார ஜனம் வேண்டும். ஆனால் எங்கள் ஜனம் தனக்காக உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு நல்ல மேடை இந்தப் பக்கத்தில் எழும்பட்டும் என்று நான் ரொம்ப ஆசைப்படுகிறேன். ஏ.சி. வேண்டாம். மழை படாத கூரை, நல்ல ஒலி, பக்கத்தில் பஸ். போதும்.

அதுவரைக்கும் நம்மிடம் இருப்பது தெருக் கச்சேரிதான். அதைக் காப்பாற்ற ஒரு யோசனை இருக்கிறது. ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மைக் அணைய வேண்டும். 2000-ஆம் வருஷத்து விதி, சரியான விதி. உடம்பு முடியாதவர்களும் படிக்கிற பிள்ளைகளும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் நாம் சாமி புறப்பாடு முடிந்து எட்டு மணிக்கு மேடை ஏறி, ஒன்பது வரைக்கும் சால்வை போடுகிறோம். ஒவ்வொரு பிரமுகருக்கும் ஒரு சால்வை, ஒரு போட்டோ, இரண்டு வார்த்தை. எம்.ஜி.ஆர். பாட்டு முடிவதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிடுகிறது. ராஜா பாட்டுக்கு நேரமே இல்லை. சாமி புறப்பாடு ஒரு நாள், கச்சேரி மறுநாள் என்று பிரித்துவிட்டு மாலை 6 மணிக்கே தொடங்கினால் நாலு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். குழந்தைகளும் இருப்பார்கள்.

எங்கள் விழாக்குழுத் தலைவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சால்வையை ஐந்து பேரோடு நிறுத்துங்கண்ணே, மிச்சமாகிற பணத்தில் தபேலாவுக்கும் பேஸ் கிட்டாருக்கும் ஆள் கூப்பிடுங்கள், நோட்டீஸில் அவர்கள் பெயரையும் போடுங்கள், மிமிக்ரிக்காரருக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள் என்றேன். "பாக்கலாம் தம்பி, மொதல்ல வசூல் ஆவட்டும்" என்றார். என் பங்கை அப்போதே கொடுத்துவிட்டேன். தபேலாக்காரருக்கு என்று தனியாக ஒரு கவரும் கொடுத்திருக்கிறேன். வெள்ளானூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ரெண்டு பேர் கேட்டால் கண்டிப்பாகச் செய்வார்.